போணிக் கை

“செத்துப் போனான்னு சொல்லி லீவு வாங்கினியேல ஒரு மாமனுக்கு, அவன் எனக்கு லெட்டர் போட்டிருக்கான்! செத்தவன் எந்த ஊர்த் தபாலாபீஸ்லல லெட்டர் போடுவான்?”

“அது வேற மாமா, அண்ணாச்சி.”

“உங்கம்மைக்கு ஒரே அண்ணந்தானல! எங்கிட்டயா கதை விடுத? ரெண்டு வீட்டுக்கும் ஒரே கிணத்துத் தண்ணி!”

ஜவுளிக்கடைக்குள் நடந்த சண்டை பின்சந்து வரை கேட்டது. அந்தச் சந்தில் குடியிருந்த தங்கபுஷ்பம் உலையில் அரிசியைப் போட மறந்து நின்றாள். தி.நகரில் ஊர்க்காரன் கடையில் வேலைக்கு இருப்பதில் இதுதான் சங்கடம். நம் இஷ்டத்துக்கு உறவுக்காரர்களைச் சாகடிக்க முடியாது. அவள் புருஷன் இசக்கிமுத்து ஆறு வாரத்தில் இரண்டு சித்தி, ஒரு பெரியப்பா என்று பார்த்துப் பார்த்துத்தான் அனுப்பிவைத்தான். இந்த மாமன் விஷயத்தில் சறுக்கிவிட்டான்.

அவனுக்கு நெஞ்சில் காசம். அடையாறு பக்கம் ஒரு சர்க்கார் கிளினிக்கில் வாரம் இரண்டு ஊசி. ஒரு வருஷம் விடாமல் போட்டால் பிழைத்துக்கொள்வான், நடுவில் விட்டால் மருந்து பிடிக்காமல் போய்விடும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மாம்பலம், தி.நகர்க்காரர்களுக்குத் திங்களும் வெள்ளியும்; காலை ஒன்பதரைக்குமேல் சீட்டு கிடையாது. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், பதினாறு வயது சரோஜாதேவியைப் பெண் பார்க்க ஒருத்தனும் படியேற மாட்டான். அதனால்தான் இத்தனை சாவு.

முதலாளி சிதம்பரநாதனுக்கோ திங்களும் வெள்ளியும் இசக்கிமுத்து இல்லாமல் கடை திறக்காது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இவன் கையால் போணி ஆனது. வெறும் ஒரு முழத் துண்டு. அன்றைக்கே மூன்று கல்யாண கோஷ்டி வந்து கடையை வழித்துக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து வாரத்தின் முதல் நாளும் லட்சுமி நாளும் முதல் துணியை இவன்தான் கிழித்துக் கொடுக்க வேண்டும். நூறு பேருக்கு வேலை கொடுக்கிற மனுஷர், ஒரு கையை நம்பிக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

சண்டை நடந்த அன்று மத்தியானம் தங்கபுஷ்பம் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒன்று வேலையை விட்டுத் துரத்துவார், இல்லை, இரக்கப்பட்டு லீவு கொடுப்பார். இரண்டில் ஒன்று தெரிந்துவிடட்டும் என்று முதலாளி வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

சிதம்பரநாதன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தோள் துண்டு மூக்குக்குப் போயிற்று.

“கையில ஒண்ணும் இல்லையே?”

“நெஞ்சுலதான் அண்ணாச்சி.”

“அப்ப கை நல்லாத்தான இருக்கு? நீ பயப்படாத தாயி, நானும் மனுசன்தான். செவ்வா, புதன், வியாழன், சனி நாலு நாளும் வீட்ல படுத்துக் கெடக்கட்டும். முழுச் சம்பளம். ஊர்ல ஒருத்தருக்கும் மூச்சு விட மாட்டேன். திங்களும் வெள்ளியும் மட்டும் வந்து போணி பண்ணிட்டுப் போகட்டும்.”

“ஊசி போடுததே திங்களும் வெள்ளியுந்தான் அண்ணாச்சி.”

“அப்பிடியா? கிழமைய மாத்தித் தரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கு அதுல என்ன நட்டம்?”

மறு திங்கட்கிழமை கிளினிக் குமாஸ்தாவிடம் போய்க் கெஞ்சினாள். அவர் தலையைத் தூக்கவில்லை. “செவ்வாய், சனி சைதாப்பேட்டைக்கும்மா. ஏரியா மாறினாத்தான் கிழமை மாறும். கடையில மாத்திக்கச் சொல்லேன். துணி விக்கிறதுக்கு என்ன கிழமை?”

வாசலில் ஆயா முனியம்மாள் பிடித்துக்கொண்டாள். “இன்னா தங்கச்சி, வூட்டுக்காரரு எங்க? நீ மட்டும் வந்துகினு கீறே? டாக்டரு கத்தினு கீறாரு. ஊசி உனக்கா போட முடியும்?”

தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடைக் கதவு திறந்ததும் முதல் ஆளாக அவளே போய் நின்றாள். ஒரு கைக்குட்டை கேட்டாள். இசக்கிமுத்து யாரோ எவளோ என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். போணி முடிந்தது. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்து, கடைசிச் சீட்டை வாங்கிவிட்டான். இப்படியே ஆறு ஊசி. வீட்டில் ஆறு கைக்குட்டை. தெருவில் சிலர், இசக்கிமுத்து பெண்டாட்டிக்கு அப்படி என்ன ஜலதோஷம் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஏழாவது தடவை சிதம்பரநாதன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

“கட்டின பொண்டாட்டி பண்ணுத போணி ஒரு போணியால? என் சம்பளம் எங்கிட்டயே வந்தா லட்சுமி எப்பிடில வருவா? அதான் மூணு வாரமா வியாபாரம் படுத்துக் கெடக்கு!”

அப்புறம் ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லாத மாதம். பதினொரு மணிக்குக்கூட ஒருத்தரும் படியேறவில்லை. பின்வாசல் பக்கம் அவனுக்கென்று ஒரு முக்காலி, ஒரு தனி டம்ளர். யாராவது வந்தால் “போணி!” என்று குரல் வரும், எழுந்து வந்து கத்திரியை எடுப்பான். அதற்குள் கிளினிக் பூட்டியாகிவிடும். செவ்வாயும் புதனும் வீட்டில் சம்பளத்தோடு படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தான். “லீவுக்குக் குறைச்சலே இல்ல, பாத்தியா?” என்று ஒரு நாள் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் கைக்குட்டையில் சிவப்பாக முடிந்தது. ஆறில் ஒன்று உபயோகப்பட்டது.

ஆவணியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இனி இந்த மருந்து பிடிக்காது என்றார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தங்கபுஷ்பத்துக்கு இருந்தது.

தீபாவளி வியாபாரம் வரை தாங்கினான். அந்த வருஷம் கடையில் நிற்க இடமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கார்த்திகையில் ஒரு புதன்கிழமை போய்ச் சேர்ந்தான். அவனுக்கு லீவு நாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சிதம்பரநாதன் சந்துக்கே வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

“கைராசி ரத்தத்துல வரும் தாயி. சரோஜாவ அனுப்பு. கஷ்டமான வேலையில்ல. போணி பண்ணிட்டு வீட்டுக்கு வந்துடலாம்.”

“எந்தெந்தக் கிழமை அண்ணாச்சி?”

“திங்களும் வெள்ளியுந்தான்.”

தங்கபுஷ்பம் கதவைச் சாத்தினாள். ஐந்து வருஷமாக அண்ணாச்சி முகத்துக்கு நேரே யாரும் கதவைச் சாத்தியதில்லை என்று தெரு ஒரு வாரம் அதையே பேசியது.

மார்கழி பிறக்கும்முன் தாயும் மகளும் வடபழனிக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே சினிமா கம்பெனிகளுக்கு உடுப்பு தைக்கிற இடத்தில் தங்கபுஷ்பத்துக்குப் பொத்தான் கட்டுகிற வேலை. இரண்டு வருஷம் கழித்து சரோஜாதேவிக்கு பஸ் டெப்போவில் கண்டக்டராக இருந்த துரைராஜை முடித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்குள், மாப்பிள்ளைக்கு உடம்புக்கு முடியாவிட்டால் எந்தக் கிழமையும் லீவு உண்டா என்று கேட்டாளாம். உண்டு என்று அவன் சொன்னதும் தட்டை மாற்றிக்கொண்டாள். கூறைப்புடவை எடுக்க எல்லாரும் தி.நகருக்குத்தான் வருவார்கள். அவள் வரவில்லை.