ஜன்னலுக்கு நேரே வைத்த தொட்டி

சலூன்காரர் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, முகத்தை மெல்லத் திருப்பி மறு கன்னத்தில் நுரை தடவியபோது, கட்டிலில் கிடந்த கஸ்பார் இடது கையைத் தூக்கி மறுபடியும் அதையே செய்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விரிந்து சேர்ந்தன. விரிந்து சேர்ந்தன.

"பாத்தீங்களா, கத்திரிதான் கேக்குறாரு. மீசையையும் ஒதுக்கி விட்டுருங்கண்ணே," என்றாள் மகள் ரூபி.

மீசையும் ஒதுக்கியாயிற்று. கண்ணாடியைக் காட்டினார்கள். கஸ்பார் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. விரல்கள் விரிந்து சேர்ந்தன.

நான்கு மாதமாக இதே கதைதான். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் ஒரே காலையில் போய்விட்டன. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறிய மனிதருக்கு மிச்சமிருந்தது இடது கையும் இரண்டு கண்ணும். அந்தக் கை கேட்டதும் ஒன்றே ஒன்றைத்தான். ரூபி நகம் வெட்டிப் பார்த்தாள். முடி வெட்டிப் பார்த்தாள். பேனாவைக் கொடுத்தால் கோழி கிளறியதுபோல் ஏதோ வந்தது. நற்கருணை அப்பம் கொடுக்க வந்த பங்குச் சாமியார், இரண்டு விரலைப் பார்த்துவிட்டு ஆசீர்வாதம் கேட்கிறார் என்று முடிவு செய்து, அதையும் கொடுத்துவிட்டுப் போனார். திருப்பூரிலிருந்து வந்திருந்த அண்ணன் ஆண்டனிராஜ், வீட்டை ரெண்டு பங்காகப் பிரிக்கச் சொல்கிறார் என்றான். அவனவன் மனதில் இருப்பதுதானே அவனவன் கண்ணுக்குத் தெரியும்.

ரூபி ஒன்றாம் வகுப்பு டீச்சர். வாய் திறக்காத பிள்ளைக்குப் பசியா, வயிற்று வலியா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்பாவிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு ஆறவே இல்லை.

"என்னத்தப்பா வெட்டணும்? கண்ணால காட்டுங்க."

கஸ்பாரின் கண்கள் ஜன்னலுக்குப் போயின. வெளியே சிமெண்டுத் தொட்டியில் ரோஜாச்செடி கம்பியைத் தாண்டி வளர்ந்து நின்றது.

"செடியத்தான் வெட்டச் சொல்றாரோ?" என்றான் ஆண்டனிராஜ்.

"போண்ணே. அதுல கத்திரி வச்சா நம்ம கையவே வெட்டிருவாரு."

கஸ்பாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டில் சட்டத்தைக் கையால் அடித்தார்.

"பாத்தியா? கோவப்படுறாரு."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அந்தச் செடியை யாரும் வெட்டக் கூடாது என்பது அந்த வீட்டில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளை. கம்பத்தின் உச்சியில் நிற்பவனுக்கு எல்லா வீட்டுத் தோட்டமும் தெரியும். கஸ்பார் கம்பியைப் பார்த்த நேரத்தில் பாதி நேரம் அடுத்தவர் வீட்டு ரோஜாவைப் பார்த்தவர். சிறுமலைக்கு லைன் இழுக்கப் போனபோது, இடிந்து கிடந்த ஒரு எஸ்டேட் பங்களாவின் பின்புறம் இதைக் கண்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, தை பிறந்தால்தான் பூக்கும். பூவுக்கு நூறு இதழ் இருக்கும். பன்னீரும் மிளகும் கலந்ததுபோல் ஒரு வாசம். சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் பார்க்கும் ஒச்சம்மாளிடம் காட்டு ரோஜா வேர்ச்செடி வாங்கி, இதன் தண்டிலிருந்து சீவிய மொட்டை அதில் ஒட்டுக் கட்டினார். மூன்று கட்டியதில் ஒன்றுதான் பிடித்தது. அடுத்த வருஷம் பங்களா இருந்த இடத்தை ஜேசிபி சமன் செய்துவிட்டது. அதற்கப்புறம் அந்த ரோஜா இந்தத் தொட்டியில் மட்டும்தான் இருந்தது.

அதற்கு என்ன பெயர் என்றுதான் கடைசிவரை தெரியவில்லை. படப் புத்தகங்களைப் புரட்டினார், கல்லூரிகளுக்கு இதழை ஒட்டிக் கடிதம் போட்டார். போனில் படம் பிடித்துக் கேட்டால் அது திங்கட்கிழமை ஒரு பெயரும் செவ்வாய்க்கிழமை ஒரு பெயரும் சொன்னது. நோட்டில் 'சிறுமலை, பெயர் தெரியாது' என்று எழுதி, பெயருக்கு ஒரு வரி இடம் விட்டு வைத்திருந்தார்.

அவர் விழுந்த பிறகு செடி ரூபியின் பொறுப்பாயிற்று. குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெருவில், அரிசி கழுவிய தண்ணீரைக்கூட அதற்கென்று எடுத்து வைத்தாள். அடியிலிருந்து தளதளவென்று புதுக்கிளைகள் கிளம்பின. அப்பா பார்க்கட்டும் என்று, மூன்று பேரைக் கூப்பிட்டுத் தொட்டியை நகர்த்தி ஜன்னலுக்கு நேரே வைத்தாள். அன்றைக்கு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவளும் சந்தோஷத்தில் கூடவே அழுதாள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு ரூபி கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தபோது கஸ்பாரின் மூச்சு நின்றிருந்தது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கையில் ஜெபமாலை சுற்றுவதற்காக, விரிந்திருந்த இரண்டு விரல்களை அவள்தான் சேர்த்து வைத்தாள்.

மறுநாள் காலை ஒச்சம்மாள் ஒரு கூடை பன்னீர் ரோஜாவோடு முதல் பஸ்ஸில் வந்தாள். பெட்டியின் தலைமாட்டில் நின்று அழுதாள். பிறகு முகம் கழுவ வெளியே போனவள், தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏந்தாயி, இத வெட்டாம விட்டுட்டீகளே!"

"எதக்கா?" என்று கேட்டாள் பின்னாலேயே வந்த ரூபி.

"எண்ணிப் பாரு. ஒரு காம்புல ஏழு இலை. அய்யாவோட ரோசாவுக்கு அஞ்சுதான். இது ஒட்டுக்குக் கீழ கெளம்புன காட்டு ரோசா தாயி. விட்டா அம்புட்டுச் சத்தையும் இதுவே குடிச்சிரும். மேல உள்ளது காஞ்சிரும்ல. மொளைக்கையிலயே அய்யா இப்பிடி..." ஒச்சம்மாள் இரண்டு விரலை விரித்துச் சேர்த்தாள். "இப்பிடி நறுக்கிருவாரே. தெனமும் காலையில அதான அவருக்கு வேலை."

ரூபி அந்த விரல்களையே பார்த்தாள். ஒச்சம்மாள் கையை இறக்கிய பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு மாதமாக, அவர் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள். "அப்பா," என்றாள்.

ஜன்னலுக்குக் கீழே ஆணியில் அவருடைய கத்திரி தொங்கியது. எடுத்து, ஏழிலைக் கிளைகளை அடியோடு வெட்டினாள். முள் கிழித்ததை அவள் கவனிக்கவில்லை. எல்லாம் விழுந்த பிறகு நடுவே அப்பாவின் ரோஜாவில் மூன்று குச்சிகள் மட்டும் நின்றன. ஒன்றிலும் இலை இல்லை.

"நகத்தால கீறிப் பாரு தாயி. உள்ள பச்சை தெரிஞ்சா உசுரு இருக்கு."

முதல் குச்சியைக் கீறினாள். பழுப்பாக இருந்தது. இரண்டாவதும் பழுப்புதான், தொட்டதும் முறிந்தது.

"ரூபி, பெட்டிய மூடப் போறாங்க. வா," என்று ஆண்டனிராஜ் உள்ளேயிருந்து கூப்பிட்டான். கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது.

மூன்றாவது குச்சியில் நகத்தை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கீறாமல் விரலை எடுத்துக்கொண்டு, கத்திரியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.