எண்ணூற்று நாற்பது கட்டை

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஒரு முழ நீளமுள்ள பிளாஸ்டிக் டிராக்டர் ஒன்று மலாக்காவில் மணிக்கூண்டு ரப்பர் தோட்டத்து மூன்றாவது லயத்தைச் சுங்கை ரம்பாய் வரை இழுத்துக்கொண்டு போனது. லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள், முப்பத்தொன்பது பேர், இரண்டு தையல் மெஷின்கள், உலையில் பாதி வெந்த சோறு. அன்றைக்குச் சந்தையில் கெம்போங் மீன் கிலோ நான்கு வெள்ளி. மழை இல்லை.

டிராக்டரைக் கட்டியவர் இருசம்மாள். செங் தொழிற்பேட்டையில் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் செய்கிற ஒரு ஃபேக்டரியில் அவருக்கு வேலை. விடியுமுன் ஃபேக்டரி பஸ் ஏறினால், பொழுது சாயத்தான் திரும்புவார். அச்சில் சரியாக விழாத கட்டைகளை வேலைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போகலாம் என்று அங்கே வழக்கம். நீலமாகப் பிறக்கவேண்டியது சாம்பலாகப் பிறந்தால் கழிவு. ஓரம் மயிரிழை பிசகினாலும் கழிவு. மற்றவர்கள் ஒரு பை, இரண்டு பை எடுத்துப்போய் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு மறந்துபோனார்கள். இருசம்மாள் ஐந்து அரிசிச் சாக்கு நிறையச் சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். அதனால் கட்டில் உயர்ந்து, அவருடைய கணவர் ரங்கசாமி முக்காலி வைத்து ஏறிப் படுத்துக்கொண்டிருந்தார்.

ரங்கசாமி தோட்டத்து டிராக்டரை முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். அது 1948ஆம் வருடத்து வண்டி; வெள்ளைக்காரத் துரை காலத்தில் கப்பலில் வந்தது. ரப்பர்ப் பால் டிரம் இழுத்தது, விறகு இழுத்தது, திருவிழாவுக்கு மாரியம்மன் தேரை இழுத்தது, ஒருமுறை சேற்றில் சிக்கிய யானையை இழுத்தது என்றும் சொல்வார்கள். யானை சின்னதுதான். 1994இல் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அன்று முதல் ரங்கசாமியின் வலது கை தன் பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகுமுன், கை முழங்கால்களுக்கு நடுவே போய்க் கியர் மாற்றிவிட்டு வரும். ரசத்துக்கு இரண்டாவது கியர், கருவாட்டுக்கு மூன்றாவது. மோர் வந்தால் நியூட்ரல்.

இருசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கை எவ்வளவு தூரம் போகிறது, எந்தச் சாய்வில் திரும்புகிறது என்று தையல் டேப்பால் அளந்தார். கால் கிளட்ச் மிதிக்கும் ஆழத்தையும் அளந்தார். எல்லா அளவையும் ஏழால் வகுத்தார். அரிசிச் சாக்குகளை அவிழ்த்தார். பல்சக்கரங்களைச் சாம்பல் கட்டையில் சீவினார். டயருக்கு மில்க் டின் மூடியில் ரப்பர் பாலை ஊற்றி உறையவைத்தார். இன்ஜினுக்குள் சுண்டுவிரல் நுழையாத நாலு சிலிண்டர், அதற்குள் ஏறி இறங்க நாலு பிஸ்டன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். ஒரு வருடத்தில் எல்லாம் முடிந்தது. கிராங்க் கம்பியைச் சுற்றினார். கல்யாண வீட்டுப் பரிசு மாதிரி அழகாக இருந்ததே தவிர, வண்டி அசையவில்லை.

ரங்கசாமி முக்காலியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்.

"இது நம்ம வண்டி இல்ல இருசு."

"என்னாங்க இல்ல? ஒரு ஆணி பிசகாம செஞ்சிருக்கேன்."

"அதான்லா சொல்றேன். இது நல்ல வண்டி. நம்ம வண்டி நல்ல வண்டியா?"

இருசம்மாளுக்கு உடனே விளங்கிவிட்டது. மறுநாள் முதல் வண்டிக்கு நோய் வைக்க ஆரம்பித்தார். மூன்றாவது கியர் ஏற்றத்தில் நழுவவேண்டும், வைத்தார். இடது பிரேக் பூனையை மிதித்ததுபோலக் கத்தவேண்டும்; வைத்தார். கிளம்புமுன் மூன்று இருமல், ஒரு தும்மல். ஸ்டீயரிங் கொஞ்சம் குடித்தவன் கை மாதிரி ஆடவேண்டும். கடைசி நோயைப் பொருத்தி, டாங்கியில் பால் விடாத கோப்பி-ஓ ஒரு கரண்டி ஊற்றி, கம்பியைச் சுற்றினார். வண்டி மூன்று முறை இருமியது, தும்மியது, நடுக்கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போய் நின்றது. கோப்பியில் சீனி போட்டால் வேகம் கூடும் என்பது பிறகு தெரிந்தது. ரங்கசாமியின் கை அன்றைக்குச் சோறு மட்டும் சாப்பிட்டது.

இப்படி இருக்கையில்தான் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் கோல்ஃப் மைதானம் போடப் போகிறார்களாம். லயம் இடிபடும், எட்டுக் குடும்பத்துக்கும் அடுக்குமாடியில் வீடு உண்டு, ஆனால் எட்டும் எட்டு ஊரில். ஒருவருக்குச் செர்காம், ஒருவருக்குச் செங், இன்னொருவர் பேரே கேட்டிராத ஏதோ ஒரு மேடு. இருசம்மாளுக்கும் அடுத்த வீட்டுப் பெத்தம்மாளுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவரில் ஒரு ஓட்டை உண்டு. இருபத்திரண்டு வருடமாக உப்பு, புளி, மாமியார் குறை எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வந்தன. செய்தி வந்த நாளன்று பெத்தம்மாள் அந்த ஓட்டையில் வாயை வைத்து, "இருசு, நீ இல்லாம நான் யார்கிட்ட சண்டை போடுவேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் இருசம்மாள் ஆபீசுக்குப் போனார்.

வாங்கியவர்கள் வைத்த மேனேஜர், புதுத் தொரை, சிரித்த முகக்காரர். "இந்தப் பலகை லயத்து மேல இவ்வளவு ஆசையா? வேணும்னா இழுத்துக்கிட்டுப் போங்கம்மா," என்றார்.

"சரிங்க தொரை. எழுதிக் குடுங்க."

"எதை வச்சு இழுப்பீங்க?"

"தோட்டத்து டிராக்டரை வச்சுத்தான்."

டிராக்டர் இரும்புக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது என்பது தொரைக்குத் தெரியும். வயிறு குலுங்கச் சிரித்து, அந்த அம்மா கேட்டதை எழுதிக்கொடு என்று ஆபீஸ் கிளார்க் கிராணி கிளீட்டஸிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். கிளீட்டஸ் சட்டம் பேசுகிறவர். மலாயில் டைப் அடித்தார்: தோட்டத்து டிராக்டர் மூன்றாவது லயத்தை இழுத்துச் செல்லலாம், குறித்த தூரம் ஓடி முடியும்வரை லயம் குடியிருப்பவர்களுக்கே சொந்தம், அதுவரை எவரும் தடுக்கக் கூடாது. தூரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். மலாக்காவில் மைலை யாரும் மைல் என்பதில்லை, கட்டை என்பார்கள். ரோட்டோரம் நடுகிற மைல்கல்லைப் பார்த்து வந்த பேச்சு அது.

"எத்தனை கட்டைக்கா?" என்று கேட்டார் கிளீட்டஸ்.

இருசம்மாள் அன்று காலையில்தான் வண்டியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டியிருந்தார். பெருமையோடு சொன்னார்: "எண்ணூத்தி நாப்பது."

கிளீட்டஸ் தலையைத் தூக்கினார். "எண்ணூத்தி நாப்பதா?"

"ஒண்ணொண்ணா எண்ணியிருக்கேன் கிராணியாரே. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது."

இந்தக் கணக்குக்கு பேங்காக் பக்கம்தான் போகவேண்டிவரும், அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் போல என்று நினைத்து, கிளீட்டஸ் 840 என்று அடித்தார். சாப்பிட்டுவிட்டு வந்த தொரை படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மீன் தலைக் கறி நன்றாக இருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புல்டோசர் வந்தபோது, லயத்தின் முன்தூணில் துணி காயப்போடும் நைலான் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் டிராக்டர். சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. சாதாரண எலுமிச்சை வைத்தால் வண்டியே மறைந்துவிடும் என்பதால், கோலிக்குண்டு அளவுக் கஸ்தூரி எலுமிச்சைகளை நாலு சக்கரத்துக்கும் அடியில் வைத்திருந்தார்கள். தொரை வந்து பார்த்தார்.

"அம்மா, இது விளையாட்டுச் சாமான். பேப்பர்ல தோட்டத்து டிராக்டர்னு இருக்கு."

ரங்கசாமி போய் டிராக்டரில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய ஆள் ஒரு முழ வண்டியில் எப்படி உட்கார்ந்தார் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். பழக்கம்தான். இருசம்மாள் கம்பியைச் சுற்றினார். மூன்று இருமல், ஒரு தும்மல். மூன்றாவது கியர் நழுவி வண்டி ஒரு துள்ளு துள்ளியது. தொரைக்கு முகம் மாறிவிட்டது. ஏனென்றால், பல வருடங்களுக்கு முன் அவர் சின்ன அதிகாரியாக இதே தோட்டத்துக்கு வந்த புதிதில், இதே துள்ளலில்தான் டிராக்டரிலிருந்து சாணிக் குழியில் விழுந்தார். அவருடைய வலது இடுப்பு அந்தத் துள்ளலை யாரையும் கேட்காமல் அடையாளம் கண்டுகொண்டது.

"அதே வண்டிதான்," என்றார் தொரை, இடுப்பைத் தடவிக்கொண்டே. புல்டோசரை ஓரம் போகச் சொன்னார்.

எலுமிச்சை நசுங்கியது. லயத்துத் தூண்கள் ஒவ்வொன்றாகக் கடைவாய்ப் பல் பிடுங்குகிற சத்தத்தோடு மண்ணைவிட்டுக் கிளம்பின. தகரக் கூரை ஒருமுறை சடசடத்து அடங்கியது. கோழிகள் முதலில் பயந்து, பிறகு பின்னாலேயே நடந்தன. சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திப் பேப்பரைப் படித்தார். "லாப்பான் ராத்துஸ் அம்பாட் புலோ பத்து," என்று தூரத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, இவ்வளவு தூரம் போகிறவர்களைத் தாமதப்படுத்துவது பாவம் என்று முன்னால் மோட்டார் சைக்கிளில் வழிகாட்டிக்கொண்டு போனார். ஏழாவது கட்டையில், சுங்கை ரம்பாய் எல்லையில் ஒரு தென்னை நிழல் வந்தது. சோறும் வெந்தது. அங்கே நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள் நில அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ரோட்டோரம் வீடு நிற்கக் கூடாது, நாளைக்குள் பிரித்தாக வேண்டும் என்றார். அங்கே விருந்துக்கு வந்திருந்த கிளீட்டஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இது நிக்கல சார். போய்க்கிட்டு இருக்கு. ஏழு கட்டைதான் வந்திருக்கு, இன்னும் எண்ணூத்தி முப்பத்திமூணு கட்டை பாக்கி. அதுவரைக்கும் யாரும் தடுக்கக் கூடாதுன்னு எழுத்துல இருக்கு."

தான் சொன்ன கட்டை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று இருசம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "ஐயா, அது அந்தக் கட்டை இல்லீங்க, இந்தக் கட்..." என்று ஆரம்பிப்பதற்குள், பெத்தம்மாள் சுவர் ஓட்டை வழியாகக் கையை நீட்டி அவர் வாயில் முழு உளுந்து வடையைத் திணித்தார். ரங்கசாமி வண்டியைக் கிளப்பினார். லயம் ஒரு சாண் நகர்ந்தது. அதிகாரி குனிந்து தரையைப் பார்த்தார், நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், தன் நோட்டில் "பயணத்தில் உள்ளது" என்று எழுதிக்கொண்டு, ஒரு வடையும் வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு யாரும் தொந்தரவு செய்யவில்லை. லயம் தூரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவு செய்கிறது. மீன் மலிந்தால் செர்காம் பக்கம் போய்வரும். ஃபேக்டரியில் ஓவர்டைம் இருந்தால் செங் வரைக்கும் போய், இருசம்மாளை வேலை வாசலிலேயே இறக்கிவிடும். 1998இல் பெத்தம்மாள் மகளுக்குக் கல்யாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் வீடு பிடித்திருக்கிறது, கல்யாணத்தன்று மண்டபத்து வாசலுக்கே கொண்டுவந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், கொண்டுபோய் விட்டார்கள். தபால்காரர் முதலில் கோழிகளைத் தேடுவார், பிறகு கடிதத்தைக் கொடுப்பார். அந்த வழியில் ஓடும் பஸ் டிரைவர்கள் ஹார்ன் அடிப்பதில்லை. வீடு திரும்புகிற வரைக்கும் பொறுத்து நிற்பார்கள். லயத்துக்குச் சிக்னல் விளக்கு கிடையாது. இடது பக்கம் திரும்பவேண்டுமானால் பெத்தம்மாள் அடுப்படி ஜன்னல் வழியாகக் கையை வெளியே காட்டுவார், கையில் சில நேரம் கரண்டி இருக்கும்.