நாற்பது பன்றியும் மூன்றாவது சூரியனும்

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று மேடம் தன் தோள்களைத்தான் பார்த்துக்கொண்டார், முகத்தையல்ல. இடது பக்கம் மூன்று சூரியன், வலது பக்கம் மூன்று சூரியன். எங்கள் படையில் மேஜருக்கு ஒன்று, லெப்டினன்ட் கர்னலுக்கு இரண்டு, கர்னலுக்கு மூன்று.

"நேரா இருக்கா தெர்யோ?" என்று என்னைக் கேட்டார்.

"போன தடவைய விட நேரா இருக்கு மேடம்."

"போன தடவையும் நேராத்தான்டா இருந்துச்சு. கோணலா இருக்குன்னா நிறுத்தினாங்க?"

பெர்பெத்துவா சலிம்பாங்கோன் மேடத்துக்கு இது மூன்றாவது முறை. ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட அன்றே மூன்றாவது சூரியனைக் குத்திக்கொள்ளலாம். ஆனால் அது தாற்காலிகச் சூரியன். மணிலா விரிகுடாவைப் பார்த்து நிற்கும் இந்தக் கட்டடத்தில் செனட்டர்களும் எம்.பி.க்களும் கூடி உட்கார்ந்து, "ஆட்சேபணை உண்டா?" என்று தலைவர் கேட்டு, யாரும் வாய் திறக்காமல் இருந்தால்தான் அது நிலைக்கும். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் பெயர் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சபை கலைவதற்குள் முடியவில்லை என்றால் சூரியனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான். மேடம் இரண்டு முறை கழற்றியிருக்கிறார். நாளை சபை கலைகிறது, அடுத்த கூட்டம் என்று ஒன்று இல்லை. இன்னும் பத்தொன்பது நாளில் மேடத்துக்கு ஓய்வு. இன்று தவறினால் முப்பத்து நான்கு வருடச் சேவைக்குப் பிறகு இரண்டு சூரியனோடு வீட்டுக்குப் போவார்.

இத்தனைக்கும் காரணம் நாற்பது பன்றிகள். அவற்றைத் திருப்பி அனுப்பியவன் நான்.

பன்றிகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடித்த காய்ச்சல் தெற்குத் தீவுகளில் பரவிய வருடம் அது. கால்நடை டாக்டரின் சீட்டு இல்லாமல் ஒரு குட்டியைக்கூட எங்கள் சோதனைச் சாவடியைத் தாண்ட விடக்கூடாது என்று மேடத்தின் உத்தரவு. நான் சார்ஜென்ட் ஆகி நாலு மாதம். கையில் தடுப்புக் கம்பும் வாயில் புது அதிகாரமும் இருந்தன. சீட்டு இல்லாமல் ஒரு லாரி வந்தது. டிரைவர், "இது எம்.பி. கபாலுனா வீட்டுச் சரக்கு, ஊர்த் திருவிழாவுக்கு" என்றான். "எம்.பி.க்குக் காய்ச்சல் வராது, பன்றிக்கு வரும்ல" என்று நக்கலாகச் சொல்லித் திருப்பிவிட்டேன். அந்த வருடத் திருவிழாவை எடுத்து நடத்தியவரே எம்.பி.தான். எங்கள் பக்கம் முழுப்பன்றியை நெருப்பில் வாட்டி வைக்காத திருவிழா மாப்பிள்ளை இல்லாத கல்யாணம். ஊர் முழுக்கக் கோழி தின்றது. எம்.பி. தலை குனிந்து நின்றதை யாரோ போனில் படம்பிடித்துப் பரப்பிவிட்டார்கள். அந்த எம்.பி. இந்தச் சபையிலும் இருக்கிறார், இரண்டு முறையும் ஆட்சேபித்தது அவர்தான்.

மேடம் அன்று முகாமிலேயே இல்லை. கடைவாய்ப் பல் பிடுங்க நகரத்துக்குப் போயிருந்தார். வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்து, அறிக்கையில் என் பெயர் எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏன் மேடம் என்று கேட்டதற்கு, பஞ்சைக் கடித்துக்கொண்டே, "உத்தரவு என்னுது. நீ கம்பு புடிச்ச, அவ்வளவுதான்" என்றார். பிறகு என்னையே தன் டிரைவராக வைத்துக்கொண்டார். அவர் சூரியனைக் கழற்றிய இரண்டு முறையும் நான்தான் வண்டி ஓட்டினேன். இரண்டு முறையும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

"மேடம், இன்னிக்கு நான் சொல்லிடறேன். லாரிய மறிச்சது நான்தான்னு."

"உன்னை யாருடா கேட்டா?"

"கேக்கலேன்னாலும் சொல்றேன்."

"வண்டிச் சாவிய பத்திரமா வெச்சிக்கோ. அது போதும்."

வாசலில் ஒரு காவலர் பிளாஸ்டிக் தட்டை நீட்டினார். வரிசையாக வந்த தளபதிகள் இடுப்புத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக அதில் வைத்தார்கள். கப்பற்படைக்காரர், விமானப்படைக்காரர், காட்டுக்குள் ஆயிரம் பேரை நடத்தியவர், எல்லோரும். அந்தக் காவலருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவர் யாருக்கும் சல்யூட் அடிக்கவில்லை, சீட்டுக் கிழித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். படையில் சேர்ந்து பதினாறு வருடம், இவ்வளவு பெரிய சக்தியை நான் பார்த்ததில்லை.

நடைக்கூடத்தில் ஒல்லியாக ஒரு பெரியவர் அன்னாசி நார்ச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். தூதராகப் போகப்போகிறவர்.

"உங்களுக்கென்ன கர்னல், பின்னாடி பட்டாளம் இருக்கு. எங்கிட்ட ஒரு கைக்குட்டைதான் இருக்கு" என்றார்.

"பட்டாளத்த வாசல்ல வெச்சிட்டு வரச் சொல்லிட்டாங்க சார்" என்றார் மேடம்.

அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அந்தக் குளிர்நாட்டில் நம் ஊர்க் கப்பல் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஊர் ஊராக எண்ணிக்கை சொன்னார். ஒரு பெண் செனட்டர், மனைவி கூட வருகிறாரா என்று கேட்டார். வருவதாகச் சொன்னதும், அவரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். பிறகு தலைவர் கேட்டார், யாரும் வாய் திறக்கவில்லை, சுத்தியல் விழுந்தது. உள்ளே கைக்குட்டையோடு போன மனிதர் வெளியே வரும்போது பதினோரு கோடிப் பேருக்காகப் பேசுகிறவர். யாரும் கிரீடம் வைக்கவில்லை, எண்ணெய் பூசவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா இருந்தார்கள், அதில் நடந்துவிட்டது.

மேடத்தின் பெயரைக் கூப்பிட்டபோது நான் பார்வையாளர் வரிசையில் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் கையை உயர்த்திச் சத்தியம் செய்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இனி பொய் சொல்ல வழியில்லை.

எம்.பி. கபாலுனா மைக்கின் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. நல்ல சிரிப்பு, இனிமையான குரல். அதுதான் பயம்.

"கர்னல், அன்னிக்கு அந்தச் சாவடியில நீங்க இருந்தீங்களா?"

"இல்ல சார். பல் புடுங்கிட்டிருந்தாங்க."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. எம்.பி.யும் சிரித்தார்.

"அப்ப லாரிய மறிச்சது யாரு?"

"உத்தரவு என்னுது சார்."

"அத கேக்கல. ஆள் யாரு? பேரச் சொல்லுங்க. சொன்னா எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல."

"அறிக்கையில ஒரு பேர்தான் இருக்கு சார். அது என் பேரு. வேற பேரு எங்கிட்ட கிடைக்காது."

என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டன. நான் வாயைத் திறப்பதற்குள் செனட்டர்கள், எம்.பி.க்கள், தளபதிகள், கேமராக்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. காவலர் ஒருவர் என்னை நோக்கி நடந்தார்.

"யாரது?" என்றார் தலைவர்.

மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் டிரைவர் சார். ரொம்ப நேரம் உக்காந்தா அவனுக்குக் கால் மரத்துப்போகும். நிக்கட்டும் சார்."

மறுபடி சிரிப்பு. இந்த முறை எம்.பி. சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். என் சட்டையில் இருந்த சார்ஜென்ட் பட்டை, என் முகம், மறுபடி பட்டை. லாரியை மறித்தவன் யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காவலர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"கர்னல்," என்றார் எம்.பி. குரலில் இனிமை குறைந்திருந்தது. "எங்க ஊர்ல அந்த வருஷம் புனிதர் முன்னாடி கோழி வெச்சோம். பக்கத்து ஊர்க்காரன் இன்னிக்கும் கொக்கரக்கோன்னுதான் என்னைக் கூப்பிடறான். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அடுத்த வருஷம் சுத்தியிருந்த மூணு ஊர்லயும் ஒரு பன்னி மிஞ்சல. உங்க ஊர்ல மட்டும் வீட்டுக்கு வீடு இருந்துச்சு. அதுவும் தெரியும்."

"அதே லாரி நாளைக்கு வந்தா?"

மேடம் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடமும் அந்த டம்ளருக்குப் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. 'விட்டுருவேன் சார்னு சொல்லுங்க மேடம், ஒரு வார்த்தைதானே' என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"சீட்டு இருந்தா சல்யூட் அடிச்சு அனுப்புவேன் சார். இல்லேன்னா திருப்பிடுவேன்."

எம்.பி. நாற்காலியில் சாய்ந்தார். மைக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

தலைவர் தாளைப் புரட்டினார். மேடத்தின் முழுப் பெயரையும், அம்மா வீட்டுப் பெயர் உட்பட, நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு சுத்தியலைக் கையில் எடுத்தார்.

"ஆட்சேபணை உண்டா?"

நான் நிறைய அமைதிகளைப் பார்த்தவன். பதுங்கிக் கிடக்கும்போது காடு அடங்குவதைப் பார்த்திருக்கிறேன், குண்டு வெடித்ததற்கு அப்புறம் காது அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். இது வேறு. இதில் யார் வேண்டுமானாலும் பேசலாம், பேசாமல் இருந்தார்கள். ஏழாயிரம் தீவுகள் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் இருந்தது. என் கண்ணில் நீர் வந்தது, துடைக்கக் கை எழவில்லை.

எம்.பி.யின் கை மேசை மேல் ஊர்ந்து மைக் பக்கம் போனது. விரல் பொத்தானில் நின்றது. மண்டபம் முழுக்க அந்த விரலைப் பார்த்தது. மேடம் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தார், தலை குனியாமல்.

விரல் அழுந்தியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

யாரும் பேசவில்லை. சுத்தியல் தலைவரின் காதுக்கு மேலே எழுந்து நின்றது.