பேர் வெட்டிய ஃபில்டர்

1987 புரட்டாசியில், கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்த கெமிஸ்ட்ரி டீச்சரின் வலது கையில் துரு பிடித்தது. மணிக்கட்டில் பொட்டாக ஆரம்பித்து, தீபாவளிக்குள் முழங்கைவரை ஏறிவிட்டது. டாக்டர் சுரண்டிப் பார்த்துவிட்டு, மழைக்காலம் முடியட்டும் என்றார். மனுஷன் வேறென்ன சொல்வார்? விரலை மடக்கினால் கேட் திறக்கிற சத்தம் வந்தது. சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. வேலை போய்விடுமோ என்று டீச்சர் பயந்தார். கையே போய்விடுமோ என்று கணவர் பட்டாபிராமன் அழுதார்.

அதே சமயத்தில் அவர்கள் வீட்டு எவர்சில்வர் காபி ஃபில்டரும் துருப்பிடித்தது. பல்லாவரத்துப் பட்டறையில் தசரதன் செய்து, ஆயுசுக்கும் கறை பிடிக்காது என்று சொல்லி விற்றது அது. டீச்சர் பள்ளிக்கூட லேபிலிருந்து காந்தம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் வழுக்கிய காந்தம், பேர் வெட்டிய இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. பேர் வெட்டாத பாத்திரத்தை யார்தான் வீட்டுக்குள் வைப்பார்கள்? வாங்கிய அன்று பட்டறையில் கரண்ட் இல்லை, மிஷின் ஓடவில்லை. பட்டாபிராமனுக்கு ஆசை பொறுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து, மனைவியின் பேரைத் தானே இரும்பு ஆணியால் வெட்டிவிட்டார். ஆணியின் இரும்பு எழுத்துகளிலேயே தங்கிவிட்டது.

இருவரும் ஃபில்டரைப் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். "என் சரக்குல ஒரு தப்பும் இல்ல சார். பேர தேச்சு எட்த்துட்டா சரியாப்பூடும்," என்றார் தசரதன். முதல் எழுத்து தேய்ந்ததும் டீச்சரின் கட்டைவிரல் சுத்தமாகி மடங்கியது. ஆனால் அவர் பேரிலிருந்த அந்த எழுத்து அங்கே யாருக்கும் வாயில் வரவில்லை. டீச்சரின் ரயில் பாஸிலும் அந்த எழுத்து இருந்த இடம் வெள்ளையாகியிருந்தது. தசரதன் தேய்க்கிற மிஷினை நிறுத்திவிட்டார்.

"வோணாம் டீச்சரம்மா, பேஜாராப்பூடும்."

"நிறுத்தாதீங்க. பேரை வச்சுக்கிட்டு போர்டுல எழுத முடியுமா?"

கை பிழைத்தது, பேர் போனது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றார்கள், பால்காரர் அம்மா என்றார். 1992ல் தலைமையாசிரியை ஆனபோது அறை வாசலில் வெறும் பலகையை மாட்டினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பட்டாபிராமனுக்குத்தான் மனசு ஆறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து "இந்தா", "ஏம்மா" என்றே கூப்பிட்டவர்; மனைவியின் பேரை ஒருதரம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது தினமும் காலையில் கூப்பிட வாயைத் திறப்பார். காற்றுதான் வரும்.

"வரேன், டிகாக்‌ஷன் இறங்கட்டும்," என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.