குஞ்சுகள் வந்து சேர்ந்தன

குழியை வெட்டி முடித்து ஆட்கள் மண்வெட்டிகளை ஓடைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தபோது விஜிதரனின் கைபேசி அடித்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து சிப்னாஸ். இருவரும் ஒரு சரக்கு விமானக் கம்பனியில் ஒரே மேசையில் வேலை செய்கிறவர்கள். எந்தச் சாமான் விமானத்தின் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று கணக்குப் போடுகிற மேசை. விஜிதரனின் அக்கா ஜீவராணியின் உடல் அன்று விடியற்காலை குவைத்திலிருந்து அந்தக் கம்பனியின் விமானத்தில்தான் வர வேண்டும். "நீ போய் வீட்டுக் காரியத்தப் பாரு மச்சான், அக்காவ நான் வண்டியில ஏத்தி அனுப்புறன்" என்று சொல்லி அவனை முந்தின நாளே ஊருக்குப் போகிற ராகலை பஸ்ஸில் ஏற்றிவிட்டவனும் சிப்னாஸ்தான்.

"மச்சான், பிளேன் வந்திட்டுது," என்றான் சிப்னாஸ்.

"அக்கா?"

"மையத்துப் பெட்டிய ஏத்தல்ல. கடைசி நேரத்துல பிளேன மாத்தியீக்கிறானுகள். நாலு எஞ்சின் வரல்ல. ரெண்டு எஞ்சின்தான் வந்தீக்கிது."

வேறு யாராவது என்றால் நாலு எஞ்சினுக்கும் ரெண்டு எஞ்சினுக்கும் பிணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பார்கள். விஜிதரனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாகக் கம்பனியில் இதே பேச்சுத்தான். பழைய நாலு எஞ்சின் விமானம் மூக்கைத் தூக்கி வாயைத் திறந்தால் எவ்வளவு நீளச் சாமானையும் விழுங்கும், எடையும் கூடத் தாங்கும். ஆனால் எண்ணெய் குடிக்கும், பாதி வயிற்றோடு பறந்தாலும் குடிக்கும். பழுது பார்க்கவும் நாலு எஞ்சின். புதிய ரெண்டு எஞ்சின் விமானம் கொஞ்சம் குறைவாக ஏற்றும், ஆனால் ஒவ்வொரு தொன் சரக்குக்கும் எரிக்கிற எண்ணெய் மிகவும் குறைவு. 'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?' என்று மேலதிகாரி கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். விஜிதரனும் சிரித்தான். யானையின் ஒரு எஞ்சினுக்குப் பெரிய பழுதுபார்ப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் செலவைச் செய்வதா, யானையை மூலையில் நிறுத்திவிடுவதா என்பதுதான் பாக்கி. நேற்று ராத்திரி, பார்த்துப் பார்த்து நேற்று ராத்திரிதான், முடிவெடுத்திருக்கிறார்கள்.

"மத்த சாமான் எல்லாம் வந்துச்சா?" என்று கேட்டான்.

"கோழிக்குஞ்சு வந்தீக்கிது. பண்ணைக்கு. மிச்சம் எல்லாம் சாப்பாட்டுச் சாமான். மையத்த உயிருள்ளதுக்கும் பக்கத்துல வெக்கேலா, சாப்பாட்டுக்கும் பக்கத்துல வெக்கேலா, உனக்குத் தெரியும்தானே. பெரிய பிளேன் என்டா வால்பக்கம் தனியா எடம் ஈந்திருக்கும். நான் குவைத்துக்கு எடுத்து ஏசினன் மச்சான். குஞ்சு காத்திருந்தா செத்துப்போகும், மையத்து காத்திருந்தா என்ன ஆகப்போகுதுன்டு அங்க ஈக்கிறவன் கேக்கிறான்."

விஜிதரனுக்குக் காது மடல் கொதித்தது. எடுத்து ஓடையில் எறிந்துவிடலாம் போல் இருந்தது அந்தக் கைபேசியை.

அவனைக் கொளுத்தியது அந்தக் கணக்கு தப்பு என்பதல்ல, சரி என்பதுதான். அந்த மேசையில் அவனே உட்கார்ந்திருந்தாலும் குஞ்சைத்தான் ஏற்றியிருப்பான். பயணிகள் விமானத்தில் அக்காவை அனுப்பியிருந்தால் இதற்குள் அவள் இறம்பொடை மலைப்பாதை வளைவுகளில் ஏறிக்கொண்டிருப்பாள். அவன்தான் வேண்டாம் என்றான். அதற்கும் காரணம் இருந்தது. ஜீவராணிக்கு விமானம் என்றால் பயம். வீட்டு வேலைக்குக் குவைத் போன அன்றைக்கே கண்ணை மூடியபடிதான் போனாளாம். வீடியோவில் பேசும்போதெல்லாம் கேட்பாள்: "நான் வர்றப்ப நாலு எஞ்சின் உள்ளதுல ஏத்துடா தம்பி. ரெண்டு எஞ்சின்ல ஒண்ணு நின்னுச்சுன்னா என்னா பண்றது?" ஒன்று நின்றாலும் மற்றது பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று அவன் படித்துப் படித்துச் சொல்வான். அவள் தலையாட்டிவிட்டு, "அது கெடக்கட்டும், எனக்கு நாலு உள்ளதே போதும்" என்பாள். மாரடைப்பு என்று செய்தி வந்த நாளில் அவன் மனதில் முதலில் வந்து நின்றது அந்தப் பேச்சுத்தான். சரக்கு விமானத்தில், நாலு எஞ்சினில், தானே இடம் குறித்துக் கொடுத்தான். செத்தவளுக்குப் பயம் ஏது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அடித்திருப்பான்.

செய்தி தோட்டத்து லய வீடுகளுக்குப் போனதும் தப்படிக்கிறவர்கள் தீயில் காட்டிய தப்புகளைக் கீழே வைத்தார்கள். அம்மா மீனம்மா அழவில்லை. வீட்டுக் காம்பிரா வாசலில் உட்கார்ந்து, "எப்ப வருவா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த விமானம் வியாழக்கிழமை என்றும், அதிலும் உறுதியில்லை என்றும் அவன் சொன்னான்.

மத்தியானம் மழை பிடித்தது. குழியில் செம்மண் தண்ணீர் கணுக்காலளவு நின்றது. விஜிதரன் உள்ளே இறங்கி வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். அள்ள அள்ள ஊறியது. அப்போது தாய்மாமன் சோலைமலை நாலைந்து பேரோடு மேலே வந்து நின்றார். தோட்டத் தலைவர், சாவு வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். கையில் ராகலைக் கடையில் வாங்கிய வெள்ளைக் கோழி, கால் கட்டித் தலைகீழாகத் தொங்கியது.

"மாப்ள, மேல ஏறு. பொழுது சாயப்போவுது. வெட்டுன குழி வெறும் வயித்தோட ராத்திரிய கடக்கக் கூடாது. இன்னொரு ஆளக் கேக்கும். கோழியப் போட்டு மூடிருவோம். பொணம் வர்றப்ப வேற எடத்துல வெட்டிக்கலாம்."

"மூட வேணாங்க மாமா. அவ வருவா."

"வரட்டும்பா, நான் வேணாங்கலையே. லயத்துல புள்ளகுட்டிக இருக்குதுல்ல? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னையத்தான் சொல்லுவாங்க."

அவர் கோழியைக் குழிக்கு மேலே நீட்டினார். அது சிறகடித்ததில் சேறு விஜிதரனின் முகத்தில் தெறித்தது. வெள்ளைக் கோழி. இதன் தாயோ பாட்டியோ இப்படித்தான் பெட்டி பெட்டியாக, காற்றோட்டம் விட்டு, குளிர் படாமல், விமானத்தில் வந்து இறங்கியிருக்கும். அப்படி எத்தனை பெட்டிகளுக்கு அவனே இடம் குறித்துக் கொடுத்திருப்பான்.

"என் அக்கா எடத்துல ஏற்கெனவே கோழி வந்து எறங்கிருச்சு மாமா! அங்கயும் கோழி, இங்கயும் கோழியா? அவளுக்கு எங்கதான் எடம்? போடுங்க. போட்டு என்னையும் சேத்து மூடுங்க. குழிக்கு ஆள்தான வேணும்? ஆள் இருக்குல்ல உள்ள!"

வாளியைத் தூக்கி எறிந்தான். அது தேயிலைச் செடியில் முட்டி உருண்டது. அந்த மனிதரிடம் அவன் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. சோலைமலைக்கு முகம் கறுத்தது. சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் கோழியைப் பார்த்தார். கீழே போடவும் முடியாமல் எடுத்துக்கொண்டு போகவும் முடியாமல் மழையில் நின்றார்.

கீழிருந்து மீனம்மா ஏறி வந்தாள். தோளில் ஒரு படங்கு. குவைத் போகிறவரைக்கும் ஜீவராணி கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றியிருந்தது. நனையாமல் இருக்கக் கட்டுகிற அந்தத் தடித்த ரப்பர் விரிப்பில் தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையிலிருந்த கோழியை வாங்கி, கால்கட்டை அவிழ்த்துவிட்டாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"மேல வாடா. இதைய மூடு. மண்ணால இல்ல, இதால."

அவன் ஏறி வந்து படங்கைக் குழியின் தலைமாட்டில் விரித்தான். அது முழுக் குழிக்கும் பற்றவில்லை, மேல்பாதிக்குத்தான் வந்தது. கைக்குக் கிடைத்த கல்லை ஒரு பக்கத்திலும் இன்னொன்றை எதிர்ப்பக்கத்திலும் வைத்தான். காற்று உடனே நுழைந்து ஒரு முனையைப் படபடவென்று அடித்தது.

"ரெண்டு போதும்னு எவன்டா சொன்னான் ஒனக்கு?" என்று மீனம்மா கத்தினாள். அன்று முழுக்க அடக்கி வைத்த குரல் அது. "நாலு மூலைக்கும் வை!"

அவன் கல் தேடிக் குனிந்தபோது சோலைமலையும் குனிந்தார். அவர் ஒன்று கொண்டுவந்து வைத்தார், அவன் ஒன்று. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோழி சேற்றில் கால் வைத்து வைத்து நடந்து தேயிலைக்குள் போனது. மலை முழுக்க மங்கிக்கொண்டு வந்தது. காற்று திரும்பி வந்து படங்கை அடியிலிருந்து ஊதி உப்பவைத்தது. நாலு கல்லும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தன.