கதவுக்கு வெளியே கேட்கும் சத்தம்

என் மனைவி இறந்த பிறகும் நான் அந்தக் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. காலையில் ஓடவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். மாலையில் படியேறி வந்து சாவியை எடுக்கும்போது அதன் கிராபிக்ஸ் கார்டு விசிறியின் கரகரப்பு கதவைத் தாண்டிக் கேட்கும். கேட்டால் அவள் உள்ளே வேலையாக இருக்கிறாள் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். காது பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் கொடுப்பது அவள் தொழில். அந்த மெஷினைப் பாகம் பாகமாக வாங்கி அவளே சேர்த்தாள். விசிறி தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தபோது மாற்றச் சொன்னேன். "பகல்ல இது குறட்டை, ராத்திரி நீங்க. எனக்குப் பழகிடுச்சு," என்றாள்.

போன வாரம் ஒரு மாலை சத்தம் இல்லை. மாடி மாறி ஏறிவிட்டேனோ என்று கதவு எண்ணைப் பார்த்தேன். உள்ளே திரை முழுக்கக் கோடுகள். விசிறி இறுகி நின்று, கார்டு கருகியிருந்தது.

அவள் தம்பியைக் கூப்பிட்டேன். ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். வயது முப்பதைத் தொட்டாலும் வீட்டில் எல்லோருக்கும் அவன் வாலுதான். அந்தக் கார்டும் அதற்கான விசிறியும் எங்கும் கிடைக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த புதுக் கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, எங்கள் பழைய மதர்போர்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"ஓட்டு வீட்டுக்கு லிஃப்ட் வைக்கிறோம் மச்சான்," என்றான்.

மெயில் பார்க்க போர்டில் இருக்கும் டிஸ்ப்ளேவே போதுமே, எதற்கு இவ்வளவு செலவு என்றும் கேட்டான். மாட்டு என்று மட்டும் சொன்னேன்.

ஸ்லாட் பொருந்தியது. நீளம்தான் இடித்தது. ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்றி, டிஸ்கை அடியில் நகர்த்தினான். வயர்களை அவள் சின்னச் சின்னப் பட்டைகளால் கட்டி வைத்திருந்தாள். வெட்டட்டுமா என்று கேட்டுக் கேட்டு வெட்டினான். பழைய பவர் சப்ளை தாங்காது என்று அதையும் மாற்றினான். ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருந்தது. போர்டுக்குப் புதுக் கார்டை அடையாளம் தெரியவில்லை. போர்டிலேயே இருந்த டிஸ்ப்ளேவில் வயரைச் செருகி, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தான். நடுவில் கரண்ட் போனால் போர்டு காலி என்றான். கரண்ட் போகவில்லை. மறுபடி கார்டில் செருகியதும் படம் வந்தது. கைகளைத் தட்டித் தூசியை உதறினான்.

நான் கம்ப்யூட்டர் பெட்டியருகே குனிந்தேன்.

"சத்தம் வரலையே."

"வராது. சூடானாத்தான் விசிறியே சுத்தும். புதுசெல்லாம் அப்படித்தான்."

ஏதோ கோளாறு, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றேன். வாலு சிரித்தான். "சத்தம் வருதுன்னு திருப்பித் தருவாங்க. வரலைன்னு போய் நின்னா, கடைக்காரர் நம்ம ரெண்டு பேரையும் டாக்டர்கிட்ட அனுப்புவார்."

பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். மாலையில் படியேறுவது, சாவியை எடுப்பது, அப்போது கேட்பது. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவன் கையில் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தான். விசிறியை நாமாகவே ஓட விடலாம், அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது என்றான்.

"நீங்க வெளிய போய் நில்லுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். முதலில் மெல்லிய விசில்போல ஏதோ வந்தது.

"இப்ப?" என்றான் உள்ளேயிருந்து.

"இல்ல. இது மூக்கால பாடுது."

"இப்ப?"

"ரொம்பக் கூடிடுச்சு."

மேல்வீட்டு அம்மா இறங்கி வந்தார். நான் என் வீட்டுக் கதவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒதுங்கி வழிவிட்டேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கினார்.

உள்ளே கொஞ்ச நேரம் ஏதோ திருகும் ஓசை. பெட்டியின் பக்கத் தகட்டைத் தளர்த்திவிட்டான் போலிருக்கிறது. விசிறி சுற்றச் சுற்றத் தகடு அதிர்ந்தது. கரகரப்பு வந்தது. அச்சு அசல் அதே இல்லை. ஆனாலும் என் கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியைத் தேடியது.

"இப்ப?"

சாவி விரலில் தட்டுப்பட்டது.

"மச்சான், இப்ப?"

"அப்படியே விடு."

கொஞ்சம் கழித்து அவள் நாற்காலியின் சக்கரங்கள் தரையில் உருண்டன. உள்ளே வாங்க என்று கூப்பிட்டான்.

வரேன் என்றேன். போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.