கேபிள் இழுத்த தும்மல்

ஒரே ஒரு தும்மலில் ஒரு பாய்மரப் படகின் முன்முனையிலிருந்து வால் வரைக்கும் கேபிள் ஓட்டியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை, ஓய்வு பெற்றவன்.

படகு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். ஒருவர் புரண்டு படுக்க மற்றவரிடம் அனுமதி வாங்க வேண்டும். வேலையிலிருந்து விடுபட்ட கையோடு வாங்கியது. அன்றிலிருந்து காற்றும் கடலும் என் பேச்சைக் கேட்டுத்தான் நடக்கின்றன. போன கோடையில் மட்டும், என் மனைவி கூட வந்த நாளாகப் பார்த்து, கடல் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தண்ணீரைக் குறைத்துக்கொண்டது. படகு மணல்திட்டில் ஏறிச் சாய்ந்து நின்றது. தண்ணீர் திரும்பி வரும்வரை அவளும் சாய்ந்தபடியே உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாய் இரண்டு முழம் சுருங்கிப்போனது. இன்றுவரை நீளவில்லை.

"அடியில ஆழம் எவ்வளவுன்னு காட்டுற மெஷின் மாட்டுங்க, அப்பதான் கடலுக்கு வருவேன்," என்றாள் கரை இறங்கியதும். "இன்னொண்ணு. அதை மாட்டுறேன்னு உள்ள என் பலகையில ஒரு ஓட்டை விழுந்துச்சு, படகை விலை கேட்டுட்டு இருக்காரே பல் டாக்டர், அவருக்கே வித்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

உள்ளறையின் இரண்டு பக்கச் சுவரிலும் பதித்த மரப்பலகைதான் அவள் சொன்னது. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தேய்த்து வார்னிஷ் அடித்தவள் அவள். நான் அதில் முகம் பார்த்துத்தான் சவரம் செய்கிறேன். ஒருமுறை விளக்கு மாட்டுகிறேன் என்று அதில் தப்பான இடத்தில் துளை போட்டு, மேலே ஒரு காலண்டரைத் தொங்கவிட்டேன். மாதம் பிறந்து தாளைக் கிழிக்கப் போனவள் கண்டுபிடித்துவிட்டாள். ஆகவே ஓட்டை விஷயத்தில் என் வாக்குக்கு வீட்டில் மதிப்பில்லை. பல் டாக்டரோ தினமும் படகுத்துறையில் நடை பழக வந்து, ஆடுகிற பல்லைத் தொட்டுப் பார்ப்பது போல என் படகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர். எப்போது விழும் என்று காத்திருந்தார்.

மெஷின் வந்தது. தண்ணீரை உணரும் பாகம் முன்முனையில், படுக்கைக்கு அடியில் உட்கார வேண்டும். எண் காட்டும் திரை பின்னால், சுக்கான் பக்கத்தில். நடுவில் கேபிள் பலகைக்குப் பின்னால் போக ஒரு ஒல்லிக் குழாய் இருந்தது. அதைப் பதித்த மகானுபாவர் என்மேல் ஏதோ பழைய பகை வைத்து, வழியில் ஒரு வளைவையும் வைத்திருந்தார்.

உதவிக்கு மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன்; மின்சார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சூரியன் கிழக்கே உதித்தால்கூட இன்னொரு தடவை உதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். வரும்போதே துளை போடும் மெஷினோடு வந்தார்.

முதலில் முரட்டுக் கம்பியை விட்டுத் தள்ளினோம். வளைவில் முட்டி நின்றது.

"பவுடர் போட்டா வழுக்கிட்டுப் போகும் மாப்பிள்ளை. சர்வீஸ்ல நாங்க இப்படித்தான் பண்ணுவோம்," என்று தங்கையின் முகப்பவுடர் டப்பாவைத் திறந்தார்.

"கொஞ்சமா போடுங்க மச்சான்..."

"எனக்கே சொல்றீங்களா?" என்று டப்பாவைக் குழாயின் முன்பக்க வாயில் கவிழ்த்துத் தட்டினார். அதோடு கம்பி அசையவே மறுத்துவிட்டது.

அடுத்தது என் மூளை. சின்ன ஸ்பாஞ்சுத் துண்டில் நைலான் நூலைக் கட்டி முன்பக்கமாக விட்டேன். பின்பக்கம் மச்சான் வேக்யூம் கிளீனரை வைத்து உறிஞ்சினார். நூல் குடுகுடுவென்று ஓடியது. பவுடர் அடைத்திருந்த அந்த வளைவில் போய் உட்கார்ந்துகொண்டது. கிளீனர் உறுமியது, கொதித்தது, கருகல் வாடை வீசியது. மச்சான் அதை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, துளை போடும் மெஷினைக் கையில் எடுத்தார்.

"அந்த வளைவுகிட்ட சின்னதா ஒரு ஓட்டை. கண்ணுக்கே தெரியாது."

"யார் கண்ணுக்கு? உங்க தங்கச்சி கண்ணுக்கா?"

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரு காலண்டர் வாங்கிடலாம்."

பல் டாக்டர் என் படகில் பாய் விரிக்கும் காட்சி கண்முன் வந்தது. "ஒரு நிமிஷம் பொறுங்க!" என்று கத்திக்கொண்டே, அடைப்பை என் பக்கத்திலிருந்து பார்க்கலாமென்று முன்முனைப் படுக்கைக்கு அடியிலிருந்த பெட்டிக்குள் தலைகீழாகப் புகுந்தேன். கால் மேலே, தலை கீழே, மூக்குக்கு நேரே குழாயின் வாய். வளைவு எங்கே இருக்கிறது என்று குறிபார்க்க மச்சான் மறுமுனையில் கண்ணை வைத்தார். அந்த நேரம் பார்த்து, குழாய் வாயில் மிச்சமிருந்த பவுடர் பறந்து என் மூக்கில் ஏறியது.

தும்மினேன்.

அதைத் தும்மல் என்று சொல்வது அதற்கு அவமானம். பாய்மரம் ஆடியது. துறையில் நின்ற படகுகள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டன. கடற்பறவைகள் கிளம்பிப் போய் அடுத்த பருவத்தில்தான் திரும்பின. பின்பக்கம் "ஐயோ!" என்று ஒரு அலறல்.

ஊர்ந்து போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மச்சான் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு நடுவில் ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. அதிலிருந்து நூல் நேராகக் குழாய்க்குள் போனது.

நூலில் கேபிளைக் கட்டி இழுத்தோம். பவுடர் புண்ணியத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. திரை ஒளிர்ந்தது, ஆழம் தெரிந்தது.

"பாத்தீங்களா என் தும்மலை!"

"தும்மலாவது கிம்மலாவது! வேக்யூம் இழுத்ததுல வந்துச்சு," என்றார் மச்சான், மீசையைத் தட்டியபடி. என் வாழ்நாள் சாதனையை ஒரு வீட்டுச் சாமானுக்குத் தாரை வார்த்துவிட்டார்.

மனைவி வந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு பலகையை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினாள். ஓட்டை கிடைக்கக் கிடைக்க வருகிற கோபத்தைவிட, கிடைக்காமல் போகப் போக வருகிற சந்தேகம் பெரிதாக இருந்தது.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"போடவே இல்லம்மா!"

"காலண்டர் வச்சு மறைச்ச ஆளுதானே நீங்க? அண்ணா, நீ சொல்லு. எப்படி வந்துச்சு கேபிள்?"

"வேக்யூம்தாம்மா இழுத்துச்சு."

அவள் கிளீனரைத் திறந்து பையை உதறினாள். சுத்தமாக இருந்தது. "அது இழுத்திருந்தா என் பவுடர் இதுக்குள்ளல்ல இருக்கணும்? உன் மூஞ்சிக்கு எப்படி வந்துச்சு? ரெண்டு பேரும் சேர்ந்து எங்கேயோ துளைச்சுட்டு என்கிட்ட கதை விடுறீங்க. நான் டாக்டர்கிட்டப் பேசிக்கிறேன்."

வெளியே, நடை பழக வந்திருந்த பல் டாக்டர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். சர்வீஸ் முழுக்கப் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடாதவர். இப்போது பார்த்துத் தொலைத்துவிட்டார்.

"நில்லும்மா," என்றார். "ஓட்டை கீட்டை எதுவும் இல்ல. வேக்யூமை அதுக்கு முன்னாடியே நான் ஆஃப் பண்ணிட்டேன்."

"அப்புறம்?"

"குழாய்க்குள்ள கண்ணை வச்சுப் பாத்துட்டு இருந்தேன். அந்தப் பக்கம் இவர்..." தொண்டையைச் செருமினார். "இவர் தும்மினார்."

என் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். மீசை, புருவம், காதுமடல் வரைக்கும் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், தோள் குலுங்கியது. டாக்டர் நடையைத் தொடர்ந்தார்.

"ஒரே தும்மல்லயா அண்ணா?"

"ஒரே தும்மல்தாம்மா," என்றார் மச்சான், கண்ணாடியைத் துடைத்தபடி. "என் கண்ணால பாத்தேன். மூஞ்சியில வாங்கினேன்."